கணக்கில் வராத ஓடுகள்: அகழாய்வில் எதை வைப்பது, எதைக் கழிப்பது

கீழடியில் 2017–18இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் 5,820 தொல்பொருள்கள் கிடைத்தன. செய்திகளில் அடிக்கடி வந்த எண் இது. மணி, சங்கு வளையல் துண்டு, தக்களி, வட்டச்சில்லு, செம்பு, இரும்பு என்று தனி எண் போட்டுப் பதிவேட்டில் ஏறியவைதான் இந்தக் கணக்கில் அடக்கம். அதே குழிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியே வந்த சாதாரணப் பானை ஓடுகள் இதில் சேராது. அவற்றுக்குத் தனிக் கணக்கு. அந்தக் கணக்கில் ஏறிய ஓடுகளிலும் பெரும்பகுதி கிடங்குக்குப் போகாது.

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. எடுத்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்ட அகழாய்வு உலகில் எங்கும் கிடையாது. யார், எந்த அளவுகோலை வைத்து, எவ்வளவு கழித்தார் என்பது எழுதப்படாமல் போவதில்தான் சிக்கல். தொல்பொருள் கிடைத்தால் யாரிடம் சொல்வது, யார் வைத்துக்கொள்வது, எப்படி விற்கக் கூடாது என்றெல்லாம் நம் சட்டங்கள் பேசுகின்றன. கழிப்பதைப் பற்றி அவற்றில் ஒரு பிரிவும் இல்லை. அந்த முடிவு, ஓடு காயப்போடும் களத்தில், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கும் இரண்டு மூன்று பேர் கையில் இருக்கிறது.

குழியிலிருந்து களத்துக்கு

வழக்கமான முறை இது. மேட்டைப் பத்து மீட்டர் சதுரங்களாகக் கட்டம் கட்டி, ஒவ்வொன்றையும் நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். இடையில் மண் வரப்பை விட்டுவைக்கிறார்கள். மண்ணடுக்குகளைப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அந்த வரப்பின் பக்கச்சுவர்தான் ஆதாரம். மணியோ காசோ தென்பட்டால், கட்டத்தின் மூலையிலிருந்து நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிவிட்டே எடுக்க வேண்டும். ஓடுகளுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. கால்பகுதி, அடுக்கு, எத்தனை செ.மீ. முதல் எத்தனை செ.மீ. வரை என்ற அளவில் ஒரே பையில் விழும். ஒவ்வொரு பைக்கும் இரண்டு சீட்டு வேண்டும்: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே கட்டியது. தள எழுத்து, பருவம், குழி எண், கால்பகுதி, அடுக்கு, ஆழம், தேதி, எழுதியவர் பெயர் இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். மைப்பேனா எழுத்து ஈரத்தில் கரையும், மார்க்கர் வெயிலில் வெளுக்கும். மலிவான பென்சில் இரண்டையும் தாங்கும்.

முதல் இழப்பு சல்லடையில் நடக்கிறது. ஐந்து மி.மீ. கண் உள்ள சல்லடையில் சிறு கண்ணாடி மணிகள் மண்ணோடு இறங்கிவிடும். இரண்டு மி.மீ. கண் போட்டால் பிடிக்கலாம், ஆனால் வேலை பல மடங்காகும். ஆகவே சிலர் எல்லா மண்ணையும் சலிப்பார்கள், சிலர் தரைத்தளம், அடுப்பு, குப்பைக்குழி மண்ணை மட்டும் சலிப்பார்கள். இரண்டு தளங்களின் மணி எண்ணிக்கையை அருகருகே வைத்து, இங்கே வணிகம் செழித்தது, அங்கே இல்லை என்று எழுதுமுன் சல்லடைக் கண் என்ன என்று கேட்க வேண்டும். அறிக்கைகளில் இது பல நேரம் எழுதப்படுவதில்லை.

களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பையைக் கொட்டிக் கழுவிக் காயவைப்பார்கள். இங்கே நடக்கும் தவறுகள் பழகிப்போனவை. காற்றில் சீட்டு பறந்து பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் இரண்டு பைகளும் வீண். கடினமான தூரிகை கறுப்பு-சிவப்பு ஓட்டின் மெருகைத் தேய்த்து எடுத்துவிடும். சுண்ணாம்புப் படிவத்தைக் கரைக்க அமிலம் போட்டால், ஓட்டுக் களிமண்ணில் இருக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து போகும். எண்ணெய், கொழுப்பு, தானியம் என்று பானையின் உள்ளே என்ன இருந்தது எனச் சோதிக்க நினைத்தால் அந்த ஓட்டைக் கழுவவே கூடாது. கைபடாமல் அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வைக்க வேண்டும். கழுவிய பிறகு இந்த யோசனை வந்து பயனில்லை.

காய்ந்ததும் பிரிப்பு. கறுப்பு-சிவப்பு, கறுப்பு, சிவப்பு, செம்பூச்சு என்று வகை வகையாக ஒதுக்கி, அதற்குள் வாய்ப்பகுதி, கழுத்து, அடி, மூடி, கைப்பிடி, அலங்காரம் உள்ளவை, கீறல் உள்ளவை என்று எடுத்துவைப்பார்கள். எஞ்சுவது உடற்பகுதி ஓடு. வடிவம் சொல்லாது, இடத்தை அடைக்கும். அதனால் அதை எண்ணி, எடைபோட்டு, கழிப்பது மரபு.

பார்ப்பதற்கு நியாயமான விதிதான். ஆனால் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த பொறிப்புகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? பானையின் தோள்பட்டையில். சுட்ட பிறகு கூரிய முனையால் கீறிய பெயர்கள் அவை. பானை உடையும்போது தோள் பெரும்பாலும் உடற்பகுதி ஓடாகத்தான் உடைகிறது. கீழடி நான்காம் கட்டத்தில் 56 பொறிப்பு ஓடுகள் கிடைத்தன. ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள் அவற்றில் வாசிக்கப்பட்டன. இப்படிப்பட்ட ஓடு மண்ணிலிருந்து வரும்போது கீறலுக்குள் அதே நிற மண் அடைந்திருக்கும். நேர் வெயிலில், மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கழுவி, நிழலில் உலர்த்தி, ஒரு பக்கமிருந்து சாய்வாக விழும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் கோடு எழுந்து வரும். கழிக்கப்போகும் ஒவ்வொரு உடற்பகுதி ஓட்டையும் இப்படி ஒருமுறை பார்த்தே தீர வேண்டும். நண்பகலில், குவியலைக் கையால் தள்ளிப் பார்த்துக் கழித்த களத்தில் பொறிப்பு குறைவாகவே கிடைக்கும். அந்த ஊர் மக்களுக்கு எழுத்தறிவு இருந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுத்தல்லாத கீறல் குறியீடுகளிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 140 இடங்களில் கிடைத்த 15,000க்கும் மேற்பட்ட குறியீட்டு ஓடுகளை மாநிலத் தொல்லியல் துறையின் ஆய்வு ஒன்று தொகுத்து, சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டு 2025இல் வெளியிட்டது. தொகுப்பு பெரும் உழைப்பு. ஆனால் எந்தத் தளத்தில் ‘எத்தனை ஓட்டுக்கு ஒரு குறியீடு’ என்று விகிதம் கேட்டால், பழைய அகழாய்வுகள் பலவற்றுக்குப் பதில் கிடைக்காது. மேலே போட வேண்டிய எண் கையில் இருக்கிறது, கீழே போட வேண்டிய எண் கழிவோடு போய்விட்டது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தாழி நூறு துண்டாகும், ஒரு கிண்ணம் ஐந்தாகும். எடை இதைக் கொஞ்சம் சரிசெய்யும், ஆனால் தடித்த பானைக்குச் சாதகமாக இருக்கும். வாய்ப்பகுதியை அளப்பது இன்னும் நல்ல வழி. வட்டங்கள் வரைந்த தாளில் வாய் ஓட்டை வைத்து, விட்டம் எவ்வளவு, முழு வட்டத்தில் இது எத்தனை சதவீதம் என்று குறிக்க வேண்டும். ஒரே வகைப் பானையின் வாய் ஓடுகள் 12, 8, 30, 50 சதவீதம் என்றால் கூட்டுத்தொகை 100, அதாவது ஒரு பானைக்குச் சமம். ஒரு பைக்குச் சில நிமிடம்தான் கூடுதலாகும். எண், எடை, வாய்ச் சதவீதம் மூன்றும் எழுதிவிட்டால், ஓட்டைக் கழித்தாலும் அது சொன்ன செய்தியில் பெரும்பகுதி காகிதத்தில் நிற்கும்.

பத்து ரூபாய் சட்டமும் மற்றவையும்

அரசமைப்பிலேயே தொல்லியல் மூன்று பட்டியல்களிலும் சிதறிக் கிடக்கிறது. தேசிய முக்கியத்துவம் உள்ளதாக நாடாளுமன்றம் அறிவித்தவை ஒன்றியப் பட்டியலில் 67ஆம் இனம். அப்படி அறிவிக்கப்படாத பழஞ்சின்னங்கள் மாநிலப் பட்டியலில் 12ஆம் இனம். தொல்லியல் தளங்களும் எச்சங்களும் பொதுப் பட்டியலில் 40ஆம் இனம். மாநில அரசு தன் நிலத்தில் தோண்டவும் மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும் என்று 1958ஆம் ஆண்டின் பழஞ்சின்னங்கள், தொல்லியல் தளங்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது.

தற்செயலாகக் கிடைப்பவற்றுக்கு இன்றும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாகப் போகும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறித்து, உரிமை கோருவோரை விசாரிப்பார். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

இந்தச் சட்டத்தின் ஒரே அளவுகோல் பணமதிப்பு. செப்புத் திருமேனியைப் பிடித்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பெயர் கீறிய ஓட்டைச் சந்தை விலைக்குப் பார்த்தால் பத்து ரூபாய் தேறாது. ஆகவே கிணறு வெட்டும்போது ஈமத்தாழிகள் புதைந்த காடே வந்தாலும், அதைச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியை இந்தச் சட்டம் தெளிவாகத் தருவதில்லை. மூலப்பொருளின் மதிப்பு என்ற கணக்கில் இன்னொரு வினையும் உண்டு: பொன் கிடைத்தவருக்கு அரசு தரும் தொகை நகைக்கடைத் தொகையை ஒட்டி வரும், செம்பு கிடைத்தவருக்குப் பழைய பாத்திரக்கடைத் தொகையை ஒட்டி வரும். கள்ளச்சந்தையின் விலையோ கலைக்கான விலை.

கோயில் வளாகத்தில் கிடைத்தால் சிக்கல் வேறு. சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்குத் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளும் நானூற்றுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தன. கோயிலின் உடைமை என்று ஆதீனம் பார்க்கிறது, புதையல் சட்டம் என்று வருவாய்த் துறை பார்க்கிறது, ஆவணப்படுத்த வேண்டும் என்று தொல்லியல் துறை பார்க்கிறது. பக்தருக்கு அது வழிபடும் திருமேனி, பட்டியல் எண் அல்ல. இத்தகைய நேரத்தில் உருப்படியாகச் செய்யக்கூடிய முதல் காரியம், யாரிடம் இருந்தாலும் அன்றே எண்ணி, எடைபோட்டு, நான்கு பக்கமும் அளவுகோலோடு படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது. உரிமை வழக்கு எத்தனை ஆண்டு நடந்தாலும் அந்தப் பட்டியல் மாறாது.

மத்தியத் துறையே தோண்டும் இடத்தில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வருகிறது. கிடைத்த தொல்பொருள்களை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை தர வேண்டும், பணி முடிந்ததும் நிலத்துக்காரருக்கு என்னென்ன கிடைத்தது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கையகப்படுத்தும் ஆணை வரும்வரை பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். கீழடி போலத் தனியார் தென்னந்தோப்பில் தோண்டும்போது இது வெற்றுச் சடங்கல்ல. என்ன கிடைத்தது என்ற பட்டியலுக்குச் சட்டப்படி உரிமையுள்ள ஒருவர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறாண்டு பழமையான, கடந்தகாலக் கலை, கைவினை, சமயம், வழக்கம் எதையேனும் காட்டும் எந்தப் பொருளும் அதன் வரையறைக்குள் வரும். கையெழுத்துச் சுவடி என்றால் 75 ஆண்டு போதும். வரையறையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் களத்தில் கழிக்கும் ஒவ்வொரு ஓடும் தொல்பொருள்தான். ஆனால் கட்டாயப் பதிவு, அறிவிக்கை செய்யப்பட்ட சிற்பம், ஓவியம் போன்ற வகைகளுக்கு மட்டுமே. அதிலும் 18ஆம் பிரிவு அரசு அருங்காட்சியகம், அலுவலகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் உள்ளவற்றுக்குப் பதிவிலிருந்து விலக்கு தருகிறது. தாத்தா காலத்துக் கற்சிலையை வீட்டில் வைத்திருப்பவர் படத்தோடு விண்ணப்பம் போட வேண்டும்; அரசுக் கிடங்கில் இருப்பவற்றுக்கு அந்தந்தத் துறையின் பதிவேடுதான் எல்லாம். அந்தப் பதிவேடு எந்த நிலையில் இருக்கிறது? 2013ஆம் ஆண்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலேயே 92ஐக் காணவில்லை என்றது. எழுதப்படாமல் தேங்கிய அகழாய்வு அறிக்கைகளையும் சுட்டியது. கட்டடமே காணாமல் போகும் நிலையில் ஓட்டுப் பையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பட்டியல் சாட்சி சொல்லும் இடம்

பதிவேடு எதற்கு உதவும் என்பது பொருள் திருடுபோன பிறகு தெரியும். 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையை இந்தியா 1977இல் ஏற்றது. அருங்காட்சியகத்திலிருந்தோ பொதுச் சின்னத்திலிருந்தோ திருடப்பட்ட பொருளின் இறக்குமதியைத் தடுக்கும் அதன் 7ஆம் உறுப்பு ஒரு நிபந்தனை வைக்கிறது: அந்த நிறுவனத்தின் பொருள்பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதற்கு ஆவணம் வேண்டும். பட்டியலில் ஏறாத பொருளுக்கு இந்தக் கதவு திறக்காது.

பத்தூர் நடராசர் வழக்கு இதற்கு நல்ல பாடம். 1976இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு ரகசியமாக விற்கப்பட்ட திருமேனிக்கு எந்தப் பதிவும் இல்லை. இலண்டன் நீதிமன்றத்தில், அந்த இடத்து மண்ணும் சிலையில் ஒட்டிய மண்ணும் ஒன்றா, கறையான் தடம் பொருந்துகிறதா, அங்கேயே பின்னர் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு பாணி ஒத்துப்போகிறதா என்று நிபுணர்களை வைத்து நிறுவ வேண்டியிருந்தது. 1991இல் சிலை திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலிலேயே எடுத்துவைத்திருந்த படம் பெரிதும் கைகொடுத்தது.

பொருள் ஓரிடம், ஆள் ஓரிடம்

கீழடியின் முதல் இரண்டு பருவங்களை நடத்தியது மத்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு. பொருள்களைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 2016இல் வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2017இல் அகழாய்வு இயக்குநர் அமர்நாத் ராமகிருஷ்ணா அசாமுக்கு மாற்றப்பட்டார். அவருடைய 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் தரப்பட்டது. திருத்தித் தரும்படி 2025 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. அரசியல் சண்டையை ஒருபுறம் வைத்துவிடுவோம். பட்டியல் வேலையின் கோணத்தில் பார்த்தால், அறிக்கை வரும்வரை ஓட்டுப் பைகளை யாரும் கழிக்க முடியாது, மறுஆய்வுக்குத் தாராளமாகத் திறக்கவும் மாட்டார்கள். அடுக்குக் குறியீடுகளின் விளக்கம் தோண்டியவர் குறிப்பேட்டில் இருக்கும். குறிப்பேட்டிலும் இல்லாதது அவர் தலையில் இருக்கும். ஆதிச்சநல்லூரில் 2004–05இல் தோண்டியதற்கு அறிக்கை வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலானது. அங்கே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டி எடுத்தவற்றுக்கு 1915இல் அச்சிட்ட பட்டியல் இருக்கிறது. அடுக்கு விவரம் போதாத பட்டியல்தான். ஆனாலும் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைக் காட்டி இதுதான் அது என்று சொல்ல முடிவதற்கு அதுவே காரணம்.

பதிவேட்டுப் பொறுப்பு ஆள் மீது ஏறுவதும் ஒரு தடை. பொறுப்பு ஒப்படைக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பொருளைக் காட்டியாக வேண்டும். நாலாயிரம் எண் என்றால் வாரக்கணக்கில் ஆகும். எனவே கையெழுத்துப் போட யாரும் அவசரப்படுவதில்லை, கிடங்கின் பூட்டும் திறப்பதில்லை.

ஒரே பொருளுக்கு மூன்று எண் விழுவது அடுத்த தொல்லை: குழியில் ஒன்று, தொல்பொருள் பதிவேட்டில் ஒன்று, அருங்காட்சியகச் சேர்க்கையில் ஒன்று. மூன்றையும் இணைக்கும் அட்டவணை இல்லாவிட்டால், அறிக்கையில் படித்த மணியைக் கிடங்கில் தேட முடியாது. எண்ணை ஓட்டின் உள்பக்கத்தில், உடைந்த விளிம்பைத் தொடாமல் எழுத வேண்டும். முதலில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, அதன்மேல் இந்தியன் இங்க், மேலே மீண்டும் ஒரு பூச்சு. அவசரத்துக்கு நகப்பூச்சு போட்டவை மஞ்சளாகி, எண்ணோடு செதிலாக உரிந்துவிடும். இரும்புக்கு இது எதுவும் உதவாது. மண்ணின் உப்பு உள்ளே ஏறியிருப்பதால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்குக் கீழே வைத்து, ஜெல் நிறம் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும். பஞ்சில் சுற்றினால் ஈரத்தைப் பிடித்துவைத்து வாளைத் தூளாக்கும்.

கணினிக்கு மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு வார்த்தை. கால்பகுதி 3, அடுக்கு 4 என்பதை எக்செல் கட்டத்தில் ‘3-4’ என்று தட்டினால், அது தேதியாக மாறி உட்கார்ந்துவிடும். ‘007’ வெறும் 7 ஆகும். நுழைக்குமுன் அந்தப் பத்தியை எழுத்து வகையாக மாற்றிவைக்க வேண்டும். வானவில் எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் அகப்படாது.

இங்கிலாந்தில் அருங்காட்சியகக் கிடங்குகள் நிரம்பி, சில புதிய சேகரிப்புகளை ஏற்பதையே நிறுத்திய பிறகு, தேர்வுத் திட்டத்தை முன்கூட்டியே எழுதும் வழக்கம் உருவானது. தொல்லியலாளர்களின் தொழில்முறை அமைப்பு 2019இல் அதற்கான கையேட்டை வெளியிட்டது. எதை வைப்போம், எதைக் கழிப்போம், ஏன் என்பதைத் தோண்டுமுன் எழுதி, பொருளை ஏற்கப்போகும் அருங்காட்சியகத்தின் ஒப்புதல் பெறுகிறார்கள். இங்கே இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. களத்தில் இன்னொரு பதிவேடு போதும். பை எண், அடுக்கு, ஓட்டு வகை, கழித்த ஓடுகளின் எண்ணிக்கை, எடை, சாய்வெளிச்சத்தில் பார்த்தவர் பெயர், கழித்த காரணம், ஒப்புதல் கையெழுத்து என்று எட்டுப் பத்திகள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பையையாவது எதையும் கழிக்காமல் முழுசாகக் கிடங்குக்கு அனுப்பினால், பிரித்தவர் கண் எவ்வளவு நம்பகமானது என்று பின்னால் சோதித்துக்கொள்ளலாம்.

கழித்த ஓடுகளை ஆற்றங்கரையிலோ சாலைப் பள்ளத்திலோ கொட்டக் கூடாது. இன்னும் ஐம்பது ஆண்டில் யாராவது அதை ஒரு வாழ்விடம் என்று கண்டுபிடிப்பார்கள். எடுத்த குழியிலேயே, மூடுமுன் அடித்தளத்தில் பாலித்தீன் விரிப்பு போட்டு, அதன்மேல் ஓடுகளைக் கொட்டி, எப்போது மூடியது என்று பின்னால் தோண்டுபவருக்குத் தெரிய அந்த ஆண்டு அச்சான நாணயம் இரண்டைப் போட்டு, உழவுக்கும் தென்னை வேருக்கும் எட்டாத ஆழத்தில் மண் தள்ளுவார்கள். எந்தக் குழி, எந்த ஆழம், எத்தனை கிலோ என்பது அகழாய்வு அறிக்கையின் பின்னிணைப்பில் வர வேண்டும்.